பதினோரு மணிக்கு விடியும் அலுவலகம்

இந்த நாட்டில் யாருக்கும் காலையில் கைவிரல் விறைப்பதில்லை. இது நான் சொல்வதல்ல, அரசாங்கம் சொல்வது. வழவழ தாளில், நாலு வண்ணத்தில், எழுபத்தாறு பக்கம் அச்சடித்து, உலகத்தில் எத்தனை நாடு உண்டோ அத்தனைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். முடக்குவாதம் எந்த நாட்டை எவ்வளவு அழுத்துகிறது என்று அதில் ஒரு பட்டியல். சுமை மிகக் குறைந்த நாடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது நம்மைத்தான். அட்டையில் நோய்ச்சுமை இயக்ககத்தின் இயக்குநர் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிக்க மாட்டாரா பின்னே.

காஜாக்காவுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். விடிகாலை கண் விழித்தால் பத்து விரலும் விறகுக் குச்சி மாதிரி கிடக்கும். மூடினால் மூடாது, நீட்டினால் நீளாது. கணுவெல்லாம் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகும். ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பத்தரை வாக்கில்தான் அவை மறுபடியும் அவளுடைய விரல்கள் ஆகும்.

விரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. கோட்டு தைக்கும் கடையில் பதினெட்டு வருஷமாகக் கையால் காஜா எடுக்கிறாள். பொத்தான் நுழையும் ஓட்டையின் ஓரம் பிரியாமல், நூலை முடிச்சு முடிச்சாகச் சுற்றிக் கட்டுகிற வேலை. கனத்த துணியில் மெஷின் காஜா பல்லை இளிக்கும் என்பது மாஸ்டரின் கட்சி. அதனால் கடையில் அவளுக்குத் தனி நாற்காலி, தனி விளக்கு, பெயரும் காஜாக்கா. ஒரு நாளைக்கு முப்பது எடுத்தவள் இப்போது பத்துக்குத் திணறினாள். மாஸ்டர் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மெஷின் விற்கிறவன் இரண்டு தரம் கடைக்கு வந்து போனதை அவள் பார்த்தாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். முதல் டிரிப் ஐந்தரைக்கு. கிளம்புவதற்குமுன் அவளுக்குக் குழாயைத் திறந்து வைத்து, பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கி, இரண்டு கைக்கும் நடுவில் டம்ளரைச் செருகிவிட்டுப் போவார்.

"மகாராணிக்குப் பல்லும் நானே தேய்க்கணுமா?" என்பார்.

"தேய்ங்களேன், யார் வேண்டாங்கறா," என்பாள். சிரித்துவிட்டு இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார்.

"முடக்குவாதம். உங்க உடம்பே உங்க மூட்டைக் கடிக்குதும்மா. பயப்படாதீங்க, மருந்து இருக்கு. இப்ப ஆரம்பிச்சா விரல் பொழைச்சிரும். ஆறு மாசம் விட்டுட்டோம்னா எலும்பை அரிச்சிரும். அப்புறம் யார் வந்தாலும் நிமிர்த்த முடியாது."

"அப்ப குடுங்க டாக்டர்."

டாக்டரம்மா ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். ஊசிமருந்து டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. திரும்ப மூடிவிட்டார்.

"உங்ககிட்ட சுமை எண் இல்லையே. நோய்ச்சுமை ஆபீஸ்ல உங்களை நோயாளின்னு கணக்குல சேர்த்து ஒரு நம்பர் குடுப்பாங்க. அது இருந்தாத்தான் நான் இதைத் தொடலாம்."

"நீங்கதான் நோயாளின்னு சொல்லிட்டீங்களே?"

"நான் வெறும் டாக்டர்தானேம்மா," என்றார் டாக்டரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, தேதி முடிந்த டப்பாக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கையாலேயே எரிப்பதாகவும் சொன்னார்.

நோய்ச்சுமை அளவீட்டு இயக்ககத்தின் வாசலில் வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுமை தூக்குற லைசென்ஸா? அது அடுத்த கட்டடம்."

"இல்லைங்க, நோய்."

"ஓ, அந்தச் சுமையா! அதுக்கு இதுவரைக்கும் யாரும் வந்து நம்பர் வாங்கிட்டுப் போய் நான் பாக்கலியே," என்றபடி கேட்டைத் திறந்துவிட்டார்.

கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவளைப் பதினொன்றே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சுமை அலுவலர் மரியாதையானவர். எழுந்து நின்று கும்பிட்டார், உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். இந்த மாதிரி மரியாதை தெரிந்தவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"முடக்குவாதத்துக்கு முக்கியமான அடையாளம் காலை விறைப்பு. அதை அலுவலர் நேர்ல பாக்கணும். கையை மூடுங்கம்மா. திறங்க. அடடா, அருமை!" என்று 'இயல்பு' என்ற முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"சார், இது இப்பதான் இளகுச்சு. காலைல பாக்கணும்."

"இது காலைதானேம்மா. எங்களுக்குப் பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும் காலை."

"காலைன்னா விடிஞ்ச உடனே சார்."

"ஆபீஸ் திறக்காம எப்படிம்மா விடியும்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் வந்த முகத்தோடு கேட்டார்.

அடுத்த வாரம் டிரைவர் முதல் டிரிப்பை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவளை ஆறு மணிக்கே கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் கேட் பூட்டிக்கிடந்தது. வாட்ச்மேன் மட்டும் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையையும் கம்பிக்கிடையே நீட்டிக் காட்டினாள். அவர் ஒரு விரலை மடக்கிப் பார்க்கப் போய், அவள் போட்ட சத்தத்தில் பதறிப்போய் விட்டுவிட்டார்.

"ஐயோ பாவமே, இரும்பா இருக்கேம்மா! நானே சாட்சி சொல்றேன்."

சொல்லவும் செய்தார். பதினொன்றரைக்கு அலுவலரின் மேசைக்கு முன்னால் நின்று, விறைப்பைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அலுவலர் ஒரு கோப்பைப் புரட்டினார். வாட்ச்மேன் பார்க்க வேண்டியவை என்று அதில் கேட், பூட்டு, சைக்கிள், நாய் நான்கும்தான் இருந்தன. விரலைப் பார்த்தது அதிகார எல்லை மீறல். வாட்ச்மேனுக்கு ஒரு மெமோவும் காஜாக்காவுக்கு இன்னொரு 'இயல்பு' முத்திரையும் கிடைத்தன.

மூன்றாவது யோசனை டிரைவருடையது. தூங்கி எழுந்தால்தானே விறைக்கிறது? ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு ஆபீஸ் பெஞ்சிலேயே தூங்கினால்? பாவம், அவளும் அப்படியே செய்தாள். விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, ஏழு மணிக்கு வாட்ச்மேன் தயவில் வராந்தா பெஞ்சில் படுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். பதினொன்றுக்கு ஊழியர்கள் வந்து அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருத்தருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, அந்தக் கட்டடத்தில் தூக்கம் புதிதில்லை. டிரைவர் உலுக்கி எழுப்பினார். பத்து விரலும் கட்டை. கண்ணில் நீர் வழிய வழிய, ஆனால் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு, கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொட்டார். முகம் மலர்ந்தது.

"விறைச்சிருக்கு! பாருங்க, என் சர்வீஸ்ல இதுதான் முதல் தடவை." பிறகு முகம் வாடியது. "எங்க படுத்திருந்தீங்க?"

"உங்க பெஞ்சுலதான் சார்."

"அப்ப இது பெஞ்சால வந்த விறைப்பா இருக்கலாமே. மரச்சாமான் கொள்முதல் பிரிவுக்குத்தான் எழுதணும்." அவளுக்கு வழக்கம்போல 'இயல்பு' குத்திவிட்டு, அப்படியே எழுதியும் போட்டார். பத்து நாளில் கொள்முதல் பிரிவு ஆட்கள் வந்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் அங்கே வருகிறவர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். அத்தனையும் மூட்டு நோவு பிடித்த ஜனம்.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஒன்பது முறை போனாள். ஒன்பது முத்திரை, ஒன்பதும் 'இயல்பு'. கடையில் அவள் எடுக்கும் காஜா நாளுக்கு மூன்றாகக் குறைந்தது. மாஸ்டர் ஒரு நாள் மெஷினை இறக்கி, அது வேறு யாருக்கோ வந்தது போலத் துணியால் மூடி வைத்தார். டாக்டரம்மா புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் டைம் இருக்கு, ஆனா நிறைய இல்லை," என்றார். அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் காஜாக்கா வாய்விட்டு அழுதாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. இந்த ரெண்டு கை போதும்," என்றாள் புருஷனிடம்.

அப்போதுதான் அலுவலர் வீட்டுக்கே வந்தார், கையில் அழைப்பிதழோடு.

"அம்மா, பல நாட்டு நோய்ச்சுமை மாநாடு நம்ம ஊர்ல நடக்குது. இயக்குநரே உங்களைக் கூப்பிட்டிருக்கார். உங்க கையை மேடையிலயே பாக்கறாராம்!"

காஜாக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இயக்குநர் ஒரு கையெழுத்துப் போட்டால் நம்பர், நம்பர் வந்தால் ஊசி. இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பொத்தானையெல்லாம் டிரைவர்தான் போட்டுவிட்டார்.

மாநாடு மாலை நாலு மணிக்கு, குளிர் நடுக்கும் ஏசி மண்டபத்தில். அவளை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். முதலில் மலைநாட்டுப் பிரதிநிதி பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார்.

"எங்கள் நாட்டில் மூட்டு மருத்துவர் ஒரே ஒருவர். அவர் நாளைக்குப் பன்னிரண்டு பேரைப் பார்ப்பார். ஆகவே எங்களுக்கு நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு நோயாளிகள்தான். சென்ற வருடம் அவர் நாற்பது நாள் விடுப்பில் போனார். அந்த நாற்பது நாளும் தேசம் பூரண ஆரோக்கியத்துடன் இருந்தது."

கைதட்டல். அடுத்தவர் தீவு நாட்டுக்காரர். அங்கே இறப்புச் சான்றிதழை வைத்துத்தான் எண்ணுவார்களாம். விரல் மடங்காததால் செத்தேன் என்று எவனும் எழுதிக் கொடுக்காததால் சுமை சுழியமாம். இன்னொரு நாட்டில் பதிவு மையம் நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிறவர்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறது, ஏற முடியாதவர்கள் வருவதில்லை என்று அங்கிருந்து வந்த அம்மையார் கூச்சமே இல்லாமல் சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டவர்களில் கடைசியாக, வடக்கே குளிர்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் போய்ப் பார்த்ததாகவும், நினைத்ததைவிட நிறையப் பேர் இருந்ததாகவும், அத்தனை பேருக்கும் மருந்து தருவதாகவும், அதனால் பட்டியலில் தங்கள் சுமைதான் எல்லோரையும்விடப் பெரியது என்றும் சொன்னாள். மண்டபம் உச்சுக்கொட்டியது. "இவ்வளவு வியாதி பிடிச்ச நாடா!" என்றார் காஜாக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவர். தேநீர் இடைவேளையில் அவள் நின்ற மேசைக்குப் பக்கத்தில்கூட யாரும் போகவில்லை.

பிறகு நம் இயக்குநர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்கிறீர்கள். ஒழுங்கு! நோய் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அலுவலக நேரத்தில் வரட்டும். அரசு திறக்கும்போது எங்கள் குடிமக்களின் மூட்டும் தானாகத் திறந்துகொள்கிறது. இருபத்திரண்டு வருடமாக நான் இந்தப் பதவியில் இருக்கிறேன். ஒரு நோயாளியைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்த இடத்தை நாங்கள் பிடித்திருக்க முடியுமா? இதோ, ஒன்பது முறை பரிசோதிக்கப்பட்டு ஒன்பது முறையும் இயல்பு என்று நிரூபணமான கை!"

காஜாக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, பந்தயத்தில் ஜெயித்தவன் கையைத் தூக்குவது போலத் தூக்கினார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நோயாளியாக அல்ல, நோயில்லாததற்கு அத்தாட்சியாகத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். எத்தனை கேவலம்! நாடு நாடாக வரிசையில் வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். மலைநாட்டுக்காரர் இரண்டு கையாலும் பற்றி அமுக்கினார். வலியில் அவள் கண் கலங்கியதைப் பார்த்து, "உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்று இயக்குநர் மைக்கில் விளக்கினார்.

குளிர்நாட்டுப் பெண் மட்டும் குலுக்கவில்லை. கணுக்களை மெதுவாகத் தடவினாள். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, "எத்தனை மாசமா?" என்று கேட்டாள்.

"ஆறாவது மாசம் ஓடுதும்மா. ஊசி ஆஸ்பத்திரிலயே இருக்கு. நம்பர்தான் இல்லை."

அந்தப் பெண் முகம் சிவந்து இயக்குநரிடம் திரும்பினாள். இந்தக் கை வீங்கியிருப்பது குருடனுக்கும் தெரியும், நாளைக்கே ஊசி போட வேண்டும் என்றாள். இயக்குநர் சிரிப்பு மாறாமல், வீக்கம் தங்கள் படிவத்தில் இல்லை என்றார். அவள் விடவில்லை. ஊருக்குப் போய் ஏழு பக்கம் கடிதம் எழுதினாள். வெளிநாட்டிலிருந்து கடிதம் என்றதும் கட்டடமே ஆடிப்போனது. உடனே குழு போட்டார்கள். காலை ஆறு மணி என்று ஒன்று இருக்கிறதா என்று ஆராய ஒரு துணைக்குழு. இருக்கிறது என்று இரண்டு மாதத்தில் அது அறிக்கை கொடுத்தது. 'அதிகாலைச் சிறப்புப் பதிவு முகாம்' என்று அறிவித்தார்கள். தன் நாட்டின் வெற்றியை விளக்க இயக்குநர் வெளிநாடு போயிருந்ததால் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது.

முகாம் நாளன்று காஜாக்கா வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். வாசலில் தோரணம், மேளம், ரிப்பன் வெட்டு எல்லாம் அமர்க்களப்பட்டது. அலுவலர் கையில் புதிய படிவத்தோடு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டியிருந்தார். தூக்கம் கலையாத முகத்தில் அத்தனை உற்சாகம்.

"உங்களுக்காகத்தாம்மா இவ்வளவும்! காட்டுங்க கையை."

காட்டினாள். விரல்கள் உள்பக்கமாக மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அவர் தொட்டார், அசைத்துப் பார்த்தார்.

"விறைப்பு உண்டு! நேர்ல கண்டேன்! தொடங்கின நேரம், ஆறு மணி." எழுதிக்கொண்டார். "இனி எப்ப தளருதுன்னு பாத்து அதையும் போட்டுட்டா, கழிச்சு வர்றதுதான் உங்க சுமை. நம்பர் கைமேல."

"இனிமே தளராது சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒரு மாசமா இப்படியேதான் இருக்கு. காலைல, மத்தியானம், எப்பவும். எலும்பு அரிச்சுப் போச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கடையில மெஷின் போட்டுட்டாங்க. இந்த விரல் போச்சு சார். மத்த மூட்டையாவது காப்பாத்தலாம், நம்பர் வாங்கிட்டு வாங்கன்னாங்க."

அலுவலர் நம்பவில்லை. காத்திருக்கலாம் என்றார். எட்டு மணிக்குப் பார்த்தார், பத்துக்குப் பார்த்தார். பதினொன்றுக்கு மற்ற ஊழியர்களும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு மணிக்கு முகாம் முடிந்தது. விரல் அசையவில்லை.

"தளர்ந்த நேரம்ங்கற கட்டம் காலியா இருக்கேம்மா," என்றார், அழுதுவிடுவார் போல. "முடியாத விறைப்புல எதுலேருந்து எதைக் கழிக்கிறது? இது காலை விறைப்பே இல்லை. வெறும் விறைப்பு. அதுக்குப் படிவம் கிடையாது."

"அட அறிவு கெட்டவனுங்களா!" என்று டிரைவர் கத்தினார். "அவ கை செத்துப் போச்சுய்யா! உங்களால செத்துப் போச்சு!"

"சார், சத்தம் போடாதீங்க. நான் என்ன வெச்சுக்கிட்டா இல்லைங்கறேன்?" அலுவலர் இன்னொரு தாளை எடுத்தார். "இது ஒண்ணு மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கம்மா. முகாம் எப்படி இருந்துச்சுன்னு மேலிடத்துக்கு அனுப்பணும். மிக்க திருப்திங்கற எடத்துல ஒரு கையெழுத்து."

"பேனா பிடிக்க வராது சார்."

"அதனால என்ன, கைநாட்டு வைங்க."

அவள் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. அலுவலர் அதை இரண்டு விரலால் பிடித்து, மை டப்பாவின் பக்கம் இழுத்தார். காஜாக்கா வீறிட்டாள். டிரைவர் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிடுவதற்குள் மை பட்டு, தாளிலும் ஒரு கோணல் தீற்று விழுந்துவிட்டது. அலுவலர் அதை வாயால் ஊதிக் காயவைத்தார். கட்டத்துக்குள்தான் விழுந்திருக்கிறது என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

டிரைவர் தன் சட்டை நுனியால் அவள் விரலைத் துடைத்தார். மை போகவில்லை. காஜாக்கா அந்தத் தாளையும், அதை ஊதிக்கொண்டிருந்த வாயையும் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை.

"என்னங்க, எனக்குக் குமட்டுது. என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க."

அலுவலர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் நிஜமான அக்கறை.

"குமட்டலுக்கு வேற பிரிவும்மா. ரெண்டாம் மாடி. வெறும் வயித்தோட வரணும்."